பொண்டாட்டி பொய் என்று டி.வி.யில் சொன்ன மாப்பிள்ளை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் தம்பி டி.வி.யில் வந்தான்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே என்கிறீர்களா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். "ஏங்க... நம்ம அருள்! சீக்கிரம் வாங்க!" என்று குளித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைக் கதவைத் தட்டிக் கூப்பிட்டேன். அவர் ஈரத் தலையோடு ஓடி வருவதற்குள் தம்பி பேசி முடித்துவிட்டான். நான் பதறிப்போனேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் திண்டுக்கல்லில் லோக்கல் கேபிள்காரர்கள் ஒரு நிகழ்ச்சி நடத்துகிறார்கள். தியேட்டரில் படம் விடுகிற நேரத்தில் வாசலில் ஒருவர் மைக்கோடும் இன்னொருவர் கேமராவோடும் நிற்பார்கள். வெளியே வருகிறவர்களை மடக்கி, "படம் எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். பெரிய சேனல்களைப் பார்த்துப் படித்ததுதான். ஆனால் பெரிய சேனலில் கருத்து சொல்கிறவர் யாரோ, எவரோ. எங்கள் சேனலில் சொல்கிறவர் பால்காரர், பிள்ளைகளின் டியூஷன் டீச்சர், உடம்பு சரியில்லை என்று ஆபீசுக்கு லீவு சொன்ன எதிர்வீட்டுக்காரர்! அதனால் படத்தைவிட அந்த நிகழ்ச்சிக்குத்தான் எங்கள் ஊரில் மவுசு அதிகம். படம் பார்க்காதவர்கள்கூடக் கருத்தை மட்டும் தவறாமல் பார்ப்பார்கள்.

அந்த வாரம் ஓடியது ஒரு டப்பிங் படம். தமிழில் 'டூப்ளிகேட் உலகம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். இங்கிலீஷில் என்ன பெயரோ, கடவுளுக்கே வெளிச்சம்.

கதை இதுதான். ஒரு வெள்ளைக்கார டாக்டர். நல்ல வீடு, நல்ல மனைவி, நல்ல வேலை. அவர் ஊரில் தினமும் சாயங்காலம் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி மழை பெய்கிறது. ஒரு நாள் அவருக்குச் சந்தேகம் வருகிறது. துருவிப் பார்த்தால்... அந்த ஊரே பொய்! எல்லாம் கம்ப்யூட்டர் காட்டுகிற கனவு. நிஜமான டாக்டர் எங்கேயோ ஒரு கண்ணாடிப் பெட்டியில் கண் மூடிப் படுத்திருக்கிறார். மண்டைக்குள் ஒயர்! வீடு, வேலை, மனைவி எல்லாம் அந்த ஒயர் வழியாக வருகிற சங்கதி.

இதற்கு நம்மவர்கள் சொன்ன கருத்துகள் இருக்கிறதே... அடேயப்பா!

காலேஜ் பையன்கள் வழக்கம்போலக் கும்பலாக வந்து, "சூப்பர்! செமை!" என்று கத்திவிட்டுப் போனார்கள். ஒரு பெரியவர், "ஒண்ணுமே வெளங்கல தம்பி. ஆனா ஏசி நல்லாப் போட்டிருக்கான்" என்றார். ஒரு அம்மாள், "அந்த டாக்டரு பெட்டிக்குள்ளயே படுத்துக் கெடக்காருன்னா, சாப்பாடு யாரு குடுப்பா? அதச் சொல்லவே இல்லையே?" என்று மைக் பிடித்தவரையே திருப்பிக் கேட்டார். இன்னொருவர் வெங்காய மண்டிக்காரர். எனக்குத் தெரிந்தவர். மூன்று வருஷமாக எங்கள் பக்கம் மழை என்ன லட்சணம் என்றுதான் தெரியுமே? "பொய் மழையா இருந்தாலும் பரவால்லப்பா. அத இங்கிட்டு நாலு நாளைக்கு அனுப்பிவிடச் சொல்லு" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அடுத்து வந்ததுதான் என் தம்பி.

"பேர் அருள்" என்றான். அதற்கப்புறம் நேராக இது: "பொண்டாட்டி, வீடு, வேலை எல்லாமே பொய்னு தெரிஞ்சுருச்சு. அதுக்கப்புறம் ஒரு மனுசன் அதுக்குள்ள எப்பிடிங்க இருக்க முடியும்? விட்டுட்டு வெளிய வந்துறணும்!"

அவ்வளவுதான். உடனே ஒரு ஜவுளிக்கடை விளம்பரம். பட்டுச் சேலை கட்டிய மணப்பெண் ஒருத்தி திரும்பித் திரும்பிச் சிரித்தாள்.

இதில் பதற என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் கத்தோலிக்க வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனும் இன்னார் மகளும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள், தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று சபைக்கு அறிவிப்பார்கள். பையன் கோயிலிலும் வாசிப்பார்கள், பெண் கோயிலிலும் வாசிப்பார்கள். அந்தச் செவ்வாய்க்கு முந்தின ஞாயிறுதான் முதல் ஓலை வாசித்திருந்தார்கள்.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் கனமானது. அருள் குருமடத்தில் இருந்து வந்தவன். சாமியாருக்குப் படித்துக்கொண்டிருந்தான். கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் வந்து பிழைக்க மாட்டான் என்று டாக்டர்கள் கையை விரித்தபோது, "இவனப் பொழைக்க வச்சா ஒமக்கே குடுத்துர்றேன் ஆண்டவரே" என்று அம்மா நேர்ந்துகொண்டாள். பிழைத்தான். கொடுத்தாள். வருஷக்கணக்கில் படித்த பிறகு, "அம்மா, இது என்னால முடியல" என்று பெட்டியோடு வீட்டுக்கு வந்து நின்றான்.

இப்போது ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கிறான். தங்கமான பையன். ஆனால் குருமடத்தில் இருந்து வந்தவன் என்றால் பெண் வீட்டார் மனதில் ஒரு பயம் இருந்துகொண்டே இருக்கும். நாளைக்கே மனசு மாறித் திரும்பப் போய்விட்டால்? பல இடங்களில் தட்டிப்போய், கடைசியில் பக்கத்து ஊர் அகரத்தில் ரெஜினா என்று ஒரு டீச்சர் பெண் அமைந்தது. அவள் அப்பா சூசைமாணிக்கம் மாமா விவசாயி. நிதானமான மனிதர். பல தடவை யோசித்துவிட்டுத்தான் சரி என்று சொன்னார்.

அந்த அகரம் வரை எங்கள் ஊர் கேபிள் போகிறது. இப்போது தெரிகிறதா நான் ஏன் பதறினேன் என்று?

அடுத்த தெருவில்தான் அம்மா வீடு. போட்ட நைட்டிக்கு மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன். அம்மாவும் டி.வி. முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். அவளும் பார்த்திருக்கிறாள். கவலையாக இருப்பாள் என்று நினைத்துப் போனேன். அம்மா முகத்தில் கவலையே இல்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

தம்பி சாவகாசமாக வந்து சேர்ந்தான். பிடித்து உலுக்கினேன்.

"ஏண்டா, ஒனக்கு அறிவிருக்கா? நிச்சயம் பண்ணின மாப்பிள்ள பேசுற பேச்சாடா இது?"

"நான் என்னக்கா சொன்னேன்? 'படத்துல அந்த டாக்டருக்கு'ன்னு ஆரம்பிச்சுத்தான் சொன்னேன். அத வெட்டிப்பிட்டாங்க. அவரு கதயத்தான சொன்னேன்?"

"படம் எப்பிடின்னு கேட்டா நல்லாருக்குன்னு சொல்லிட்டு வர வேண்டியதுதான? ஒனக்கு எதுக்குடா பிரசங்கம்?"

"கேட்டாங்க, சொன்னேன்" என்றான். குருமடத்தில் தத்துவம் படித்தவர்களிடம் மட்டும் கருத்தே கேட்கக் கூடாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

புதன்கிழமை காலையிலும் அதே நிகழ்ச்சியை மறுபடி போட்டார்கள். பத்து மணிக்கெல்லாம் சூசைமாணிக்கம் மாமா அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். தோளில் துண்டு, கையில் ஒரு பை நிறையக் கத்திரிக்காய். கோபமாக வருகிறவர் காய் கொண்டுவர மாட்டாரே என்று எனக்குச் சின்ன நம்பிக்கை. ஆனால் காயை வைத்துவிட்டு, காப்பியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, அது படத்தோட கதை. முன்னாடி உள்ளத வெட்டிட்டாங்க..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியுதும்மா. அப்பிடித்தேன் இருக்கும்னு நானும் நெனச்சேன். ஆனா ஊரே கேக்குது. பஸ் ஸ்டாப்புல கேக்குறான், கோயில்ல கேக்குறான். 'ஒம்ம மருமகன் பொண்டாட்டியே பொய்ங்கிறாராமே, திரும்ப அங்கிட்டே போயிருவாரோ?'ன்னு."

எனக்கு ஒரு விஷயம் ஆச்சரியமாக இருந்தது. இந்த மாமா என் தம்பியோடு பலமுறை நேரில் உட்கார்ந்து பேசியிருக்கிறார். அவன் கையால் பரிமாறச் சாப்பிட்டிருக்கிறார். அந்த அருளைவிட, டி.வி.யில் சில நொடிகள் வந்துபோன அருள் ஊருக்கு நிஜமாகிவிட்டான்! கம்ப்யூட்டர், கண்ணாடிப் பெட்டி, மண்டைக்குள் ஒயர் எல்லாம் எதற்கு? ஒரு கேபிள் ஒயர் போதாதா?

மாமா அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"சம்பந்தியம்மா, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. அது போதும் எனக்கு. சாமிக்குன்னு விட்ட புள்ள. அவரு திரும்பப் போற எண்ணத்துல இல்லைன்னு நீங்க சொல்லிட்டீகன்னா, நான் ஊருக்குப் பதில் சொல்லிக்கிருவேன்."

அம்மா என்ன சொல்லியிருக்க வேண்டும்? "எம் புள்ள அப்பிடியெல்லாம் போக மாட்டான் அண்ணே" என்று ஒரே ஒரு வரி.

அம்மா சொன்னாள்: "அவன் மனசுல என்ன இருக்குன்னு ஆண்டவருக்குத்தேன் தெரியும்."

எனக்கு அம்மாவைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. கோபம் என்றால் அப்படியொரு கோபம். அவன் வெளியே வந்து இத்தனை நாளாகியும் அம்மா உள்ளுக்குள் காத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். இந்தக் கல்யாணம் நின்றால் பிள்ளை திரும்பப் போவான், நேர்ச்சை நிறைவேறும் என்று அவள் மனதின் ஒரு மூலை நினைத்திருக்கிறது. அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் இருந்த எல்லோருக்கும் அது புரிந்துவிட்டது.

மாமா எழுந்தார். "ஞாயித்துக்கெழம ரெண்டாவது ஓலை. எம் மககிட்டக் கலந்துக்கிட்டு, அதுக்குள்ள முடிவு சொல்றேன். வேணாம்னா ஃபாதர்கிட்டச் சொல்லி நிறுத்திப்புடலாம். மூணும் வாசிச்சப்புறம் நின்னா பொம்பளப் புள்ளைக்குத்தேன் அவமானம்" என்றார். தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அருள் என் வீட்டுக்கு வந்து, "ரெஜினா வேணாம்னு சொல்லிட்டா அத ஏத்துக்கத்தானக்கா வேணும்?" என்று மட்டும் கேட்டான். கேட்டுவிட்டு, நான் ஆமாம் என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்தவன் மாதிரி உடனே படியிறங்கிப் போனான். இவன் எங்கேயும் திரும்பிப் போகிறவன் இல்லை என்று அந்த நிமிஷமே எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஆனால் எனக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம்?

மறுநாள் என் வீட்டுக்கு போன் வந்தது. ரெஜினா. எஸ்.டி.டி. பூத்தில் இருந்து.

"மதினி, எனக்கு அந்தப் படத்தப் பாக்கணும்."

"எந்தப் படத்தம்மா?" என்றேன், தெரியாத மாதிரி.

"அதான், அவரு கருத்து சொன்ன படம். ஊரெல்லாம் பாத்துட்டு ஆளாளுக்குப் பேசுறாங்க. நான் பாக்காம எப்பிடி முடிவு பண்றது? சின்னாளப்பட்டியிலயும் அதே படந்தேன் ஓடுதாம். சித்தி வீடு அங்கனதேன் இருக்கு. சனிக்கெழம மேட்னிக்கு அப்பாவக் கூட்டிட்டு வாரேன். அவரையும் வரச் சொல்லுங்க. அத்தையும் கண்டிப்பா வரணும்."

அத்தை என்றால் எங்கள் அம்மா. ஏன் திண்டுக்கல்லில் பார்க்கவில்லை என்று கேட்டேன். "அங்க படம் விட்டதும் மைக்கோட நிப்பாங்களே மதினி!" என்றாள். கெட்டிக்காரி.

அம்மா வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். சினிமாவுக்குப் போயே பல வருஷமாகிறது. "சம்பந்தி வீட்டுப் புள்ள கூப்பிட்டு வரலைன்னா மரியாதையா?" என்று சேலையை மாற்றிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பிவிட்டாள். அம்மாவுக்கு எதை விட்டாலும் மரியாதையை விடத் தெரியாது.

சனிக்கிழமை, மதுரை ரோட்டில் டவுன் பஸ் ஏறிப் போய் இறங்கினோம். தியேட்டரில் நாங்கள் உட்கார்ந்த வரிசையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு ஓரத்தில் ரெஜினா. பக்கத்தில் அவள் அப்பா. அப்புறம் அம்மா. அப்புறம் நான். இந்த ஓரத்தில் அருள். கல்யாணப் பேச்சு நிற்குமா நடக்குமா என்று தெரியாமல், இரண்டு குடும்பம் வரிசையாக உட்கார்ந்து கம்ப்யூட்டர் படம் பார்த்தது உலகத்திலேயே இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

படம் ஆரம்பித்தது. டாக்டர் தமிழில், "இந்த மழை... இது நேற்றும் பெய்த மழை!" என்று உறுமினார். பின்வரிசையில் இருந்து ஒருவர், "எலே, எங்க ஊருல பெய்யாத மழையக் காட்டி வெறுப்பேத்தாதீகடா" என்றார். தியேட்டரே சிரித்தது. மாமாவும் சிரித்துவிட்டார். அம்மா மட்டும் ஜெபமாலை சொல்கிறவள் மாதிரி உதட்டை அசைத்துக்கொண்டு, கண்ணை இமைக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளை. மாமா போய் எல்லோருக்கும் முறுக்கு வாங்கி வந்தார். ரெஜினா ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டு நேராக அருளிடம் வந்தாள். நான் நகரப் பார்த்தேன். "இருங்க மதினி" என்றாள். அவள் அப்பாவும் பக்கத்தில்தான் நின்றார். அம்மா சீட்டிலேயே இருந்தாள்.

"ஒங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றாள் அருளிடம். "குருமடத்துல இருந்து வெளிய வந்துட்டீங்க. நாளைக்கு எங்கிட்ட இருந்தும் வெளிய வர மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

என் கையில் இருந்த முறுக்கு நொறுங்கியது. சத்தியம் பண்ணுடா, பைபிள் மேலே பண்ணுடா, என் தலையில்கூட அடித்துப் பண்ணுடா என்று மனதுக்குள் கத்தினேன்.

இவன் யோசித்தான். யோசித்துவிட்டுச் சொன்னான்: "நிச்சயம்னு எப்பிடிங்க எழுதிக் குடுக்குறது? அங்க இருந்தப்ப, நான் நடிக்கிறேன்னு எனக்கே தெரியும். காலையில எந்திரிச்சதுல இருந்து தெரியும். எல்லாரும் நல்லவங்க, நாந்தேன் அங்க பொய்யா இருந்தேன். ஒங்ககிட்டப் பேசுறப்ப எனக்கு அப்பிடித் தெரியல. நடிக்கணும்னே தோணல. அம்புட்டுதேன் எனக்குச் சொல்லத் தெரியும்."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

ரெஜினா முறுக்கை ஒரு கடி கடித்தாள். "அது போதும்" என்றாள். அப்புறம், "தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருந்தீங்கன்னா நான் வேணாம்னு சொல்லியிருப்பேன்" என்றாள்.

நல்லவேளை, இவன் நான் மனதுக்குள் கத்தியதைக் கேட்கவில்லை. அக்காமார்களே, சில நேரம் நாம் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் குடும்பத்துக்குச் செய்கிற பெரிய உதவி!

இரண்டாம் பாதி. டாக்டர் ஓடுகிறார், சுவரை உடைக்கிறார், தாண்டுகிறார். கடைசியில் ஒரு பெரிய கதவு முன்னால் நின்று, "என் மனைவி பொய்! என் வீடு பொய்! எல்லாம் பொய்!" என்று கத்துகிறார். அருள் எழுந்து செருப்பை மாட்டினான்.

"எங்கடா போற?"

"படம் முடிஞ்சுருச்சுக்கா."

முடியவில்லை! கதவு திறந்தது. படம் மேலே ஓடியது. அருள் அப்படியே திரும்ப உட்கார்ந்தான்.

கதவுக்கு அந்தப் பக்கம் டாக்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் கண் விழிக்கிறார். வெளியே உலகம் புழுதியும் வெயிலுமாகக் கிடக்கிறது. பக்கத்துப் பெட்டியில் இன்னொருத்தி கண் விழிக்கிறாள். யார்? அவர் மனைவி! அவள் பொய் இல்லை. காணாமல் போன புருஷனைத் தேடி, தானாகவே அந்தப் பொய் ஊருக்குள் நுழைந்தவள். தினமும் ஒரே மாதிரி பெய்த மழை இருக்கிறதே, அதை வரவைத்ததே அவள்தான். இவருக்குச் சந்தேகம் வரட்டும், விழித்துக்கொள்ளட்டும் என்று!

"அக்கா... இத நான் பாக்கவே இல்லக்கா" என்றான் அருள். அவன் முகம் போன போக்கை இருட்டிலும் பார்க்க முடிந்தது.

படம் விட்டதும் வாசலில் இருந்த டிக்கெட் கிழிப்பவரைப் பிடித்தேன். "என்னங்க, திண்டுக்கல்லுல இந்தக் கடைசிப் பகுதியே வரலையாமே?" என்றேன்.

அவர் சாவகாசமாகச் சிரித்தார். "ரெண்டு ஊருக்கும் ஒரே பிரிண்டுதாம்மா. அங்க ஒரு ரீல் பெட்டி ஓடி முடிஞ்சா, வண்டியில வச்சு இங்க கொண்டாருவாங்க. மொத நாளே கடைசிப் பெட்டி இங்கன தங்கிப்போச்சு. அது இல்லாமலே அங்க படத்தப் போட்டுட்டாங்க. 'எல்லாம் பொய்'னு கத்துறதோட லைட்டப் போட்டா, சனங்க கை தட்டிட்டு எந்திரிச்சுப் போகுதாம். ஒருத்தருகூடக் கேக்கல. கேக்காததுக்கு எதுக்கு வண்டிய அலைய விடணும்னு அப்பிடியே விட்டுட்டாங்க."

எப்படி இருக்கிறது? புரியாத படம் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். அதனால் பாதியில் நின்றாலும் அதுதான் முடிவு, நமக்குத்தான் புரியவில்லை என்று எங்கள் ஊரே கௌரவமாக எழுந்து வந்திருக்கிறது. வந்து மைக்கில் கருத்தும் சொல்லியிருக்கிறது! நாம் பேசுகிற மற்ற விஷயங்களில் எத்தனைக்குக் கடைசிப் பெட்டியைப் பார்த்துவிட்டுப் பேசுகிறோம் என்று நினைத்துப் பார்த்தேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

ரெஜினா அருளைப் பார்த்து அடக்க முடியாமல் சிரித்தாள். "அப்ப... முக்கால் படத்தப் பாத்துட்டு ஊருக்கே உபதேசம் பண்ணியிருக்கீங்க!"

"ஆமா" என்றான் அவன், பரிதாபமாக.

அவள் அப்பாவிடம் திரும்பி, "அப்பா, எனக்குச் சம்மதம்" என்றாள். அதைச் சொல்ல அவளுக்குக் கூச்சமே இல்லை. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. ஆனால் மாமா இன்னும் சிரிக்கவில்லை. தியேட்டர் வாசலில், வேப்பமர நிழலில் நின்றிருந்த அம்மாவிடம் போனார்.

"எம் மக சரின்னுட்டா சம்பந்தியம்மா. மாப்பிள்ள பேசுனதையும் நான் காதால கேட்டேன். எனக்கு அவருமேல ஒரு குறையும் இல்ல. ஆனா ஒங்க மனசு இன்னும் வெலகலை. ஆண்டவருக்குக் குடுத்ததப் பறிச்சுக்கிட்டதா நீங்க நெனச்சா, எம் மக அந்த வீட்டுல எப்பிடி வாழ்வா? நாளைக்கு ஓலை. நீங்க சொல்லுங்க."

அம்மா தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். எதிரே பஸ் ஒன்று வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுக் கிளம்பிப் போனது. ஆண்டவருக்குத்தான் தெரியும் என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டால் அவ்வளவுதான்.

அம்மா அருளைப் பார்த்தாள். புதன்கிழமைக்கு அப்புறம் அவனிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"ஏம்ப்பா, அந்த டாக்டருக்கு ஆத்தா இல்லையா?"

"எந்த டாக்டரும்மா?"

"படத்துல வந்தவந்தேன். பொண்டாட்டி வந்தா, போலீசு வந்தான், கம்ப்யூட்டர்காரன் வந்தான். பெத்தவ ஒருத்தி வரவே இல்லையே?"

"அம்மா கேரக்டரே வைக்கலம்மா அதுல."

"வைக்கலைன்னா இல்லாமப் போயிருமா? பெக்காமலா வந்தான்?"

அம்மா ரெஜினா பக்கத்தில் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே, அருளிடம் இல்லை, மாமாவிடமும் இல்லை, பொதுவாகச் சொன்னாள்:

"பெத்தவ வெளிய நின்னுருப்பா. புள்ளையக் காணோமேன்னு அழுதுருப்பா. தன்னால கூட்டியார முடியாதுன்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. 'நீ போயி அவனக் கூட்டியா தாயி'ன்னு இந்தப் புள்ளைய அவதேன் உள்ள அனுப்பிச்சுவிட்டுருப்பா. அதத்தேன் படத்துல காட்டாம விட்டுட்டாங்க."

சொல்லிவிட்டு அம்மா அழுதாள். ரெஜினாவும் அழுதாள். என்னைக் கேட்க வேண்டாம், நான் எப்போதோ ஆரம்பித்துவிட்டேன். அருள் என்ன செய்வது என்று தெரியாமல் அம்மாவின் பையை வாங்கி வைத்துக்கொண்டு நின்றான்.

சூசைமாணிக்கம் மாமா தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். "வேர்வை" என்றார், யாரும் கேட்காமலேயே. பிறகு துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப நாளைக்கு ஓலை வாசிக்கட்டும்" என்றார்.

அப்பாடா! ஐந்து நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அந்த வேப்பமரத்தடியில் இறங்கியது. இனி யார் எந்த மைக்கில் எதைச் சொன்னாலும் எனக்குக் கவலை இல்லை.

எத்தனையோ கோடி கொட்டி அந்தப் படத்தை எடுத்த வெள்ளைக்காரர், கதை எழுதும்போது எங்கள் அம்மாவையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்!